நெட்டைக்குப் பாகு கொடுத்தவள்

என் அக்காவுக்குக் கால்பந்து தெரியாது. இதை அவள் காதுபடச் சொன்னால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்பதால் எழுத்தில் மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "நாம கோல் போட்டா நடுவர் வயித்தெரிச்சல்ல சொல்ற வார்த்தை" என்றாள். பதினொரு பேர் ஆடுகிற அணியில் அவளுக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். மீதிப் பத்துப் பேரும் அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்க வைத்திருக்கும் ஆட்கள் என்பது அவளுடைய கருத்து.

அந்த ஒருவனுக்கு ஊர் வைத்த பெயர் நெட்டை. நின்றால் ஏதோ கம்பத்தை நட்டுவிட்டு மறந்துபோன மாதிரி இருப்பான். பந்து காலுக்கு வந்துவிட்டால் அந்த உயரம் எங்கே போகிறதென்றே தெரியாது. குனிந்து, வளைந்து, நாலு பேரை ஏமாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். எனக்கே அது பிடிக்கும். ஆனால் நான் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்.

நாங்கள் திரைச்சீலை தைக்கிறவர்கள். பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை. இரண்டு தையல் இயந்திரம், ஒரு இஸ்திரிப் பெட்டி, நடுவில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம் போன்ற வெட்டு மேசை. அளவெடுப்பது, துணி வெட்டுவது, வாடிக்கையாளரோடு சண்டை போடுவது எல்லாம் அக்கா. ஓரம் மடித்துத் தைப்பது, மேல் பட்டியில் வளையம் அடிப்பது, சண்டை போட்டவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் நான். அக்கா ஒரு ஜன்னலைப் பார்த்தால் எவ்வளவு துணி பிடிக்கும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவாள். அந்த வீட்டில் யார் ஆட்சி என்றும் சொல்லிவிடுவாள். பளபளப்புத் துணி கேட்டால் மருமகள், அழுக்குத் தெரியாத நிறம் கேட்டால் மாமியார்.

அவள் வாழ்க்கையில் தவறாக எடுத்த அளவு ஒன்றே ஒன்று. கால்பந்துக் கழகத்தின் விருந்தினர் அறைக்குத் திரை வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார்கள். நாடாவோடு ஜன்னலில் ஏறி நின்றவள் கீழே மைதானத்தைப் பார்த்தாள். ஒரு நெட்டைப் பையன் தன்னந்தனியாக நின்று, ஆளே இல்லாத கோலுக்குள் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அவனே ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி அடித்தான். எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லையே என்று அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயில் வந்த ஒரு எண்ணைச் சொன்னாள், நானும் எழுதிக்கொண்டேன். திரை முழங்காலோடு நின்றுவிட்டது. "இப்ப இதுதான் மோஸ்தர்" என்று கழகத்துக்காரர்களையே நம்பவைத்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து நெட்டை எங்கள் வீட்டுப் பிள்ளை. அவன் பெரிய ஆளாகிவிட்ட பிறகும் அக்காவுக்கு அவன் பந்து பொறுக்குகிற பிள்ளைதான்.

ரசிகர் குழு எங்கள் அறைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் வெட்டு மேசை. பேனர் தைக்க ஊரிலேயே அவ்வளவு நீள மேசை வேறு கிடையாது. குழுவின் தலைவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். எந்தப் பேச்சையும் "அடைப்பு எங்க இருக்குன்னு பாக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்து சலூன்காரர். அவர் கடைக்குப் போனால் நமக்கு என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார், நெட்டை மாதிரி வெட்டி அனுப்பிவிடுவார். மூன்றாவது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நெட்டை அடிக்கிற கோலுக்கெல்லாம் கோணம் போட்டுக் காட்டுவார். அவன் அடித்து முடித்த பிறகு.

இவர்கள் யாரும் நெட்டையோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வீரர்கள் போகும் கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் ரசிகர்கள். அந்தக் கேட்டில் ஒரு காவலாளி இருந்தார். கேட்டு அண்ணன் என்போம். காக்கிச் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கவேண்டிய உடம்பு, தலையில் எண்ணிச் சொல்லிவிடலாம் போல முடி, ஓயாத இருமல். எங்களுக்கும் நெட்டைக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் அவர்தான்.

ஒருநாள் டிவியில் பேட்டி கொடுக்கும்போது நெட்டை இருமினான். ஒரே ஒரு இருமல். தொண்டையைச் செருமினான் என்றுகூடச் சொல்லலாம். அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நெஞ்சுல சளி கட்டியிருக்குடி. பாக்க ஆளில்ல" என்றாள். அடுத்த ஆட்டத்தன்று அவளுடைய இருமல் பாகு ஒரு பாட்டிலில் அடைபட்டுக் கேட்டுக்குப் போனது.

அந்தப் பாகைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். தேன், இஞ்சி, மிளகு, எலுமிச்சை. இவ்வளவுதான் அதில் இருக்கிறது என்பாள். ஆனால் அதே சாமானைப் போட்டு அடுத்தவர்கள் காய்ச்சினால் வெறும் இனிப்பாக இருக்கும், அக்கா காய்ச்சினால் இருமல் நின்றுவிடும். தெருவில் யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் கிண்ணத்தோடு அக்கா வீட்டு வாசலில் நிற்பார்கள். திரைச்சீலையைக் குறை சொன்னால்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பாகைச் சொன்னால் அவ்வளவுதான். என் மாமியார் என் கல்யாண நாளிலிருந்து பக்குவம் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். "இஞ்சியைக் கிழக்குப் பாத்து உக்காந்து நறுக்கணும்" என்று அக்கா ஒரு போடு போட்டாள். என் மாமியார் சமையல் மேடையையே இடித்துத் திருப்பிக் கட்டினார்.

முதல் பாட்டில் போன மறுநாள் கேட்டு அண்ணனிடம் விசாரித்தோம். "குடுத்துட்டேங்கா. அப்படியே மடமடன்னு குடிச்சாரு. யாரு குடுத்தான்னு கேட்டாரு" என்றார். அக்கா அன்றைக்கு இரண்டு வீட்டுத் திரையைச் சிரித்துக்கொண்டே வெட்டினாள்.

விஷயம் குழுவுக்குத் தெரிந்தது. தலைவர் அவித்த முட்டை அனுப்ப ஆரம்பித்தார். சலூன்காரர் தலைக்கு எண்ணெய் அனுப்பினார். வாத்தியார் மூளைக்கு நல்லதென்று ஏதோ மாத்திரை அனுப்பினார். கோணம் தப்பாமல் அடிப்பதற்காம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கேட்டு அண்ணன் வாயிலிருந்து வரும் செய்திக்காக எல்லோரும் தவம் கிடப்பார்கள். "முட்டை நல்லா இருந்துச்சாம்" என்றால் அந்த வாரம் முழுக்கத் தலைவர் தரையில் நடக்கமாட்டார். "எண்ணெய் வாசனை தூக்குதாம்" என்றால் சலூன்காரர் கொடி பறக்கும். இப்படியே இரண்டு சீசன் ஓடியது. பாகுக்கு மட்டும் எப்போதும் தனி மரியாதை. "பாகு இல்லாம இறங்கமாட்டேன்னு சொன்னாருக்கா" என்று ஒருநாள் கேட்டு அண்ணன் சொன்னபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டாள். அது ஏற்கனவே விட்ட எண்ணெய்.

பிறகு அந்தச் செய்தி வந்தது.

கொண்டு வந்தவர் சலூன்காரர். சவரக் கத்தியை மடக்காமல் மாடிப்படி ஏறி ஓடிவந்தார். அவர் பின்னாலேயே பாதி முகம் நுரையோடு ஒரு வாடிக்கையாளரும் ஓடிவந்தார். "நெட்டையைத் தடை பண்ணிட்டாங்கக்கா! பரிசோதனையில தடை செஞ்ச பொருள் இருந்துச்சாம். ஒன்றரை வருஷம் காலை எடுத்து மைதானத்துல வைக்கக்கூடாதாம்!" என்றார். என்ன பொருள் என்று செய்தியில் இல்லை. அடுத்த வாரம் மேல்முறையீட்டு விசாரணை என்பது மட்டும் இருந்தது.

அன்று பிற்பகலே வெட்டு மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நேற்றுவரை உப்பையும் சர்க்கரையையும் நாக்கில் வைத்துக் கண்டுபிடித்தவர்கள் எல்லாம் அன்றைக்கு மருந்து விஞ்ஞானிகள் ஆகியிருந்தார்கள். பரிசோதனைக் குப்பி மாறியிருக்கும் என்றார் ஒருவர். எதிரணிக்காரன் தண்ணீர் பாட்டிலில் கலந்துவிட்டான் என்றார் இன்னொருவர். அவ்வளவு உயரமான ஆளுக்கு எல்லாமே கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்றார் வாத்தியார். "எங்கள் நெட்டை சுத்தம்" என்று ஒரு பேனர் தைத்து, விசாரணை நடக்கிற கட்டடத்தின் முன்னால் பிடிப்பதென்று முடிவானது.

அப்போதுதான் தலைவர் வாயைக் கொடுத்தார். "அடைப்பு எங்க இருக்குன்னு பாக்கணும். அவரு தெரிஞ்சு எடுக்கமாட்டாரு. அப்ப வெளியில இருந்து யாரோ எதையோ உள்ள அனுப்பியிருக்கணும்" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சலூன்காரர் மின்விசிறியைப் பார்த்தார். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். தலைவருக்கு அவசரமாக ஒரு குழாய் ஞாபகம் வந்துவிட்டது. அக்கா மட்டும் சாக்குக்கட்டியால் துணியில் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகத் தனித்தனியே வந்தார்கள். தலைவர் எங்கள் குழாயைப் பார்க்கிறேன் என்று வந்தார். குழாய் நன்றாகத்தான் இருந்தது. "கோழிக்கு ஊசி போட்டா அது முட்டையில இறங்குமா? எனக்கில்ல, ஒரு சொந்தக்காரருக்குக் கேக்கறேன்" என்றார். சலூன்காரர், தலையில் தேய்த்த எண்ணெய் மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போகுமா என்று கேட்டார். அவருக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். வாத்தியார் எதையும் கேட்கவில்லை. அவர் வீட்டு மாத்திரை டப்பாவை எங்கள் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. அக்காவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினால், அவள் யாரோ ஒரு வீட்டு வரவேற்பறைத் திரைக்குக் கீழ்ப் பக்கம் வளையம் வைக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டிருந்தாள். மாட்டினால் துணியில் இருக்கிற பூக்கள் எல்லாம் தலைகீழாகத் தொங்கும். முழங்கால் திரையை மோஸ்தர் என்று விற்றவளுக்குக்கூட இதற்கொரு சமாதானம் கிடைத்திருக்காது. ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பழுப்பு நிற பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். மருந்துக்கடையில் விற்கிற சாதாரண இருமல் மருந்து.

"எனக்குக் கண்ணு தெரியல. அடியில பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படி" என்றாள்.

படித்தேன். இயந்திரங்களை இயக்குவோரும், போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களும் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக்கூடாது என்று போட்டிருந்தது.

"சரி, இதுக்கென்ன?" என்றேன்.

"என் பாகுல பாதி இதுதாண்டி."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு தடவை பாகு நீர்த்துப்போச்சு. வாசல்ல கிண்ணத்தோட ஆளு நிக்குது. என்ன பண்றதுன்னு தெரியாம இதுல ஒரு மூடி ஊத்தினேன். அன்னைக்குத்தான் எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. அடுத்த தடவை ஊத்தாம குடுத்தா முன்ன மாதிரி இல்லன்னாங்க. ஒரு மூடி ரெண்டு மூடி ஆச்சு. அப்புறம் பாதிக்குப் பாதி ஆச்சு. நிறுத்தலாம்னு பாத்தா பேரு போயிடும்."

சுருக்கமாகச் சொன்னால், நெட்டை மாட்டிக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே அக்காவின் பாகு ஊக்கமருந்து எடுத்திருந்தது. எனக்கு என் மாமியார் நினைவு வந்தது. கிழக்குப் பார்த்த மேடையில் உட்கார்ந்து இத்தனை வருடமாக இஞ்சி நறுக்குகிற அந்த மனுஷி! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பிள்ளை காலை நான் ஒடிச்சுட்டேன்டி" என்றாள்.

அந்த நேரத்தில் அத்தான் சாப்பிட வந்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நிறுத்தம் வந்தால்தான் வாயைத் திறப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். பாட்டிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையைக் கழுவினார்.

"உங்களுக்கு விஷயம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"காலி பாட்டிலை எல்லாம் தூக்கிப் போடறவன் நான்தானே" என்றார்.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!" என்று அக்கா சீறினாள்.

"நீ பெருமையா இருந்த. அதுல போயி நான் என்னத்தைச் சொல்ல" என்றார். கொஞ்சம் சாப்பிட்ட பிறகு, "விசாரணையில போய்ச் சொல்லிடு. தெரியாம குடிச்சதுன்னா பையனை விட்டாலும் விட்டுடுவாங்க" என்றும் சொன்னார். அவர் ஒரே வேளையில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சொன்னால் தெருவில் தலைகாட்ட முடியாது. ஒருவேளை பிடித்து உள்ளே வைத்தாலும் வைக்கலாம். சொல்லாவிட்டால் அந்தப் பையன் ஒன்றரை வருடம் வீட்டில் உட்காரவேண்டும். வயது ஏறிக்கொண்டிருக்கிற காலுக்கு ஒன்றரை வருடம் என்பது கிட்டத்தட்ட மொத்தமும்தான். அக்கா அன்று மாலை முழுக்க அடுப்பைத் துடைத்தாள். கடைசியில் துணியை உதறிப் போட்டுவிட்டு, "பேரு போனா போகுது. காலு போகக்கூடாது" என்றாள். அவளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதையும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

விசாரணை நாளன்று துணிப்பையில் இரண்டு பாட்டில்களையும் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஒன்றில் பாகு, ஒன்றில் கடை மருந்து. கட்டடம் முழுக்கக் கண்ணாடி. ஒரு ஜன்னலில்கூடத் திரை இல்லை. வேறு நாளாக இருந்தால் அக்கா உள்ளே போய் ஆர்டர் கேட்டிருப்பாள். வாசலில் குழு கூடியிருந்தது. "எங்கள் நெட்டை சுத்தம்" பேனரை ஒரு பக்கம் தலைவரும் மறுபக்கம் கேட்டு அண்ணனும் பிடித்திருந்தார்கள். எதிரே தெருவுக்கு அந்தப் பக்கம் எதிரணி ரசிகர்கள், "நெட்டைக்கு உடம்பு சரியில்லையா, எந்த மருந்துக்கடை?" என்று ராகம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் இருந்த ஆள் எங்களை உள்ளே விடவில்லை. சாட்சி என்றால் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். அக்கா கெஞ்சினாள், மிரட்டினாள், ஜன்னல் அளக்க வந்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சட்டென்று படிக்கட்டில் ஏறி எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதி என்னாலதான். நான் அனுப்பின பாகுல பாதி கடைச் சரக்கு. விளையாடறவங்க குடிக்கக்கூடாதுன்னு இதுல போட்டிருக்கு" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

நெட்டை மாட்டியதற்குக்கூட அவ்வளவு அதிர்ச்சி அடையாத கூட்டம் அப்படியே வாயைப் பிளந்தது. "பாகு கடைச் சரக்கா?" என்று சலூன்காரர் நெஞ்சில் கைவைத்தார். "என் பேத்திக்கு அதுதானே குடுத்தோம்! அதுக்குத்தானே இருமல் நின்னுச்சு!" என்று தலைவர் பேனரின் தன் பக்கத்தைக் கீழே போட்டார்.

அக்கா தலை குனிந்து நின்றாள். அவள் தலை குனிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அப்போது தலைவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, நீங்க மட்டும் பழியை ஏத்துக்காதீங்க. என் முட்டையிலயும் சந்தேகம் இருக்கு. அந்தக் கோழிப் பண்ணைக்காரன் சரியில்ல."

"முட்டை எல்லாம் ஒண்ணும் பண்ணாது. என் எண்ணெய்தான். அதுல நான் ஒரு பச்சை இலை போடுவேன், பேரு எனக்கே தெரியாது" என்றார் சலூன்காரர்.

"மூளைக்குப் போறதுதான் முதல்ல ரத்தத்துல கலக்கும். கணக்குப்படி என் மாத்திரைதான்" என்றார் வாத்தியார்.

வந்தது வினை. அதுவரை குற்றமாக இருந்தது ஒரு நொடியில் கௌரவமாகிவிட்டது. நெட்டையின் உடம்பில் யாருடைய பொருள் போய்ப் பிடித்தது என்பதில் சண்டை. "உன் எண்ணெய் மயிர்க்காலைத் தாண்டாது!" "உன் முட்டை வேகவே இல்லைன்னு அவரே சொன்னாரு!" "மொதல்ல அனுப்பினது நான்!" என்று, தலை குனிந்து நின்ற அக்காவும் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டாள். எதிரணிக்காரர்கள் ராகத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டு அண்ணன். பேனரின் தன் பக்கத்தை மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். "யாரும் ஒண்ணும் பண்ணல. உங்க பொருள் எதுவும் உள்ள போகல. எல்லாத்தையும் சாப்பிட்டது நான்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். எத்தனையோ முறை பார்த்த ஆள்தான். ஆனால் அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தோம். காக்கிச் சட்டையின் பொத்தான்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. தொப்பிக்கு வெளியே கருகருவென்று முடி. அவர் கடைசியாக எப்போது இருமினார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

"முதல் பாட்டிலை உள்ள எடுத்துட்டுத்தான் போனேன். வெளிப் பொருள் ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது, கொட்டுன்னு அணியோட டாக்டர் விரட்டிட்டாரு. சாப்பிடற பொருளைக் கொட்ட மனசு வரல. மறுநாள் அக்கா வந்து, என்ன சொன்னாருன்னு கேட்டாங்க. அந்த முகத்தைப் பாத்து இல்லன்னு சொல்ல வரல. சும்மா ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அப்புறம் வாராவாரம் சொல்ல வேண்டியதாப்போச்சு."

"மாத்திரையையுமா சாப்பிட்டே?" என்றார் வாத்தியார்.

"அதனாலதான் நீங்க ஒவ்வொருத்தரும் என்ன குடுத்தீங்கன்னு இன்னைக்கும் மறக்காம இருக்கேன் சார்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, தெருவுக்கு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பழி நீங்கியதே, ஒரு மூச்சு விடுவாள் என்று நான் பார்த்தால், அவள் முகம் முன்பைவிட இருண்டு போயிருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. நெட்டை வெளியே வந்தான். கூட ஒரு வக்கீல் மட்டும். அவ்வளவு பக்கத்தில் அவனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு பட்டென்று நின்றது. தரையில் பாதி கிடந்த பேனரை அவன் படித்தான்.

"அதை மடிச்சு வைங்க. நான் சுத்தமில்ல" என்றான். "தடை தடைதான். நானே உள்ள ஒத்துக்கிட்டேன். முட்டி வலிக்கு ஒரு தடவைன்னு நினைச்சுத்தான் எடுத்தேன். அன்னைக்கு நல்லா ஆடினேன், நீங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினீங்க. அப்புறம் அது இல்லாம இறங்கப் பயமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க."

தலைவரின் முகம் சிவந்தது. "இவனுக்காகவா நாங்க..." என்று ஆரம்பித்தார். அக்கா அவர் வாயின் மேல் பட்டென்று ஒரு போடு போட்டாள். பிறகு படிக்கட்டில் இறங்கி நெட்டைக்கு எதிரே போய் நின்றாள். அவன் சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைக்கும்தான் அவள் உயரம் எட்டியது.

"எனக்குத் தெரியும் தம்பி. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். "முதல்ல ஒரு மூடிதான். அப்புறம் ரெண்டு. அப்புறம் பாதி பாட்டில். எல்லாரும் ஆகான்னாங்க, நிறுத்த முடியல. உன்னை யாரு என்ன பேசினாலும் நான் பேசமாட்டேன்."

நெட்டை அவளையும் அவள் கையிலிருந்த பழுப்பு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. குனிந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, இந்த வயசுல வேணாம்மா. ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா விட்டுடலாம்மா. நானும் விட்டுடறேன், நீங்களும் விட்டுடுங்க" என்றான்.

அக்கா சரி என்று தலையாட்டினாள். வக்கீல் அவனைக் காருக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வரும் பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் திடீரென்று, "ரெண்டு சீசன்டி. ஒரு சொட்டுகூட அவன் வாயில படல. நான்னு ஒருத்தி இருக்கறதே அவனுக்குத் தெரியாது" என்றாள். "என்னாலதான் மாட்டினான்னு இருந்திருந்தாகூட ஆறுதலா இருந்திருக்கும். ஒரு குத்தவாளியா இருக்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கலையே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "கையைப் பிடிச்சானே, அப்ப என்னைப் பத்தி என்னடி நினைச்சிருப்பான்?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். இரண்டு சீசனுக்கு வேண்டிய பொய்யைக் கேட்டு அண்ணனே சொல்லி முடித்துவிட்டார். "இருமல் மருந்துக்கு அடிமையாயிட்ட பொம்பளைன்னு நினைச்சிருப்பான்" என்றேன்.

அக்கா அதை யோசித்துப் பார்த்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பரவாயில்ல" என்றாள். "என்னைப் பத்தி ஏதோ ஒண்ணு நினைச்சானே."